சத்தியம் கேட்காத கணக்கெடுப்பு

கார் வருகிற விதத்தை வைத்தே வருவது யார் என்று ஹஸ்னா சொல்லிவிடுவாள். தக்காளி ஏற்ற வருகிற லாரி பள்ளம் மேடு பார்க்காது. சொந்தக்காரர்கள் தெரு முனையிலிருந்தே ஹார்ன் அடித்துக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு வாசலிலும் தயங்கித் தயங்கி மெதுவாக வந்தால், அது அளக்க வருகிறவர்கள்.

புதன்கிழமை காலையில் ஒரு கார் அப்படித்தான் வந்தது.

அவள் நாற்று வரிசையின் மேல் பிளாஸ்டிக் விரிப்பை இழுத்து, ஓரங்களில் மணல் அணைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. இருபது வருஷமாக வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டு போனார்கள். கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். தலைமுடியை வெட்டி உறையில் போட்டு, மேலே எண் எழுதிக்கொண்டார்கள். வந்தவர்கள் எல்லாம் நல்லவர்கள்தான். தேநீர் குடித்தார்கள், ஒன்றிரண்டு பேர் கண் கலங்கவும் செய்தார்கள். ஆனால் இன்னது இருக்கிறது, இன்னது இல்லை என்று திரும்பி வந்து சொன்னவர் ஒருவரும் இல்லை.

"இந்தத் தடவ என்ன வேணுமாம்? ரத்தமா, மண்ணா?" என்றார் ஜப்பார். அவள் கணவர். தண்ணீர்க் குழாய் ஓரத்தில் ஒரு கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். சிறுநீரகம் கெட்டதிலிருந்து அவருக்கு வேலை எல்லாம் உட்கார்ந்த இடத்தில்தான்.

"நீங்க போய்க் கேளுங்க, அபூ கஸ்வான்," என்றாள். அபூ என்றால் அப்பா, உம்மு என்றால் அம்மா; அந்தப் பக்கத்தில் பெற்றோரை மகன் பேரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

"நான் எதுக்கு? என் மூத்திரம் ஏரோப்ளேன் ஏறி வெளிநாடு போச்சு. எனக்குப் பாஸ்போர்ட்டே கெடையாது. அந்த மரியாதையே போதும்."

"போனது திரும்பி வந்துச்சா?"

"எங்க வந்துச்சு? அங்கயே குடியுரிமை வாங்கிட்டு உக்காந்துடுச்சு போல."

ஹஸ்னா சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். காரிலிருந்து ஒரு பெண் தனியாக இறங்கி, கதவைச் சாத்தி, அது சாத்திக்கொள்ளாமல் இரண்டாம் தடவை இடுப்பால் இடித்துச் சாத்தினாள். அந்த இடியில் ஆளை அடையாளம் தெரிந்தது. ஹஸ்னாவின் சிரிப்பு நின்றது.

பஸ்ராவில் குழந்தைகள் வார்டு டாக்டர் மய்ஸூன். பன்னிரண்டு வருஷம் ஆகிறது பார்த்து.

"இன்னைக்கா வரணும்," என்றாள் ஹஸ்னா, தனக்குத்தானே.

வெள்ளிக்கிழமை அவள் மகள் ஸுந்துஸைப் பெண் கேட்டு மஷாயா வருகிறது. மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் முப்பது நாற்பது பேர், ஷேக்கை முன்னால் விட்டுக்கொண்டு வந்து உட்காருவார்கள். காபி ஊற்றி வைத்தால் தொடமாட்டார்கள். கேட்க வந்ததைக் கேட்டு, பெண்ணின் தகப்பன் "குடிங்க" என்று சொன்ன பிறகுதான் கோப்பையை எடுப்பார்கள். அந்த ஒரு சொல்லுக்காக ஹஸ்னா ஒன்றரை வருஷம் காத்திருந்தாள்.

மாப்பிள்ளை முஹன்னத், ஸுபைரில் மின்சார லைன்மேன். ஸுந்துஸும் அவனும் போனில் பேசிக்கொள்வது இரண்டு அம்மாக்களுக்கும் தெரியும், இரண்டு அப்பாக்களுக்கும் தெரியாது. அவன் அம்மா உம்மு முஹன்னத் மூன்று தடவை வந்து, பேரீச்சம்பழப் பிஸ்கட்டைச் சாப்பிட்டு, பெண்ணைப் புகழ்ந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனாள். ஏன் சொல்லவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ரம்லா மாதிரி சஃப்வான் சாலையோரத்து ஊர்களைப் பற்றி ஸுபைரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பக்கம் பெண் எடு, ஆனால் தொட்டில் வாங்காதே என்பார்கள். வெளிநாட்டுப் படைகளோடு நடந்த இரண்டு சண்டையிலும் டாங்கிகள் எரிந்தது இந்த வயல்களில்தான். எரித்த குண்டுகளில் இருந்தது யுரேனியம். அணு உலைக்கான எரிபொருளைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற கழிவு.

பிறகு இந்தக் கோடையில் டிவியில் செய்தி வந்தது. வீடு வீடாகக் கணக்கெடுத்துப் பார்த்ததில், குறையோடு பிறந்த குழந்தைகள் இந்தப் பகுதியில் மற்ற இடங்களைவிட அதிகம் இல்லையாம். மறுநாளே உம்மு முஹன்னத் ஒரு தட்டு நிறைய இனிப்போடு வந்தாள். "டிவிலயே சொல்லிட்டாங்க கண்ணே, இனிமே எந்த வாய் பேசும்?" என்று ஹஸ்னாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள்.

டாக்டரை உள்ளே கூட்டிப்போய்ப் பாயில் உட்காரவைத்தாள். ஸுந்துஸ் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் கதவருகே நின்றாள்.

"மாவு காயுது பாரு," என்றாள் ஹஸ்னா.

"மாவுக்கு என்ன அவசரம்? வெள்ளிக்கிழமதானே வர்றாங்க."

"ஸுந்துஸ்."

பெண் போனாள். டாக்டர் கைப்பையிலிருந்து ஒரு தடித்த அறிக்கையை எடுத்துப் பாயில் வைத்தார். ஓரங்கள் மடங்கி, நிறைய இடங்களில் பென்சில் கோடு போட்டிருந்தது. அவர் தலைமுடி நரைத்திருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இருந்த வேகம் பேச்சில் இல்லை.

"பாத்திருப்பீங்க. டிவில வந்ததே."

"பாத்தேன்."

"உங்க ஊரு நாப்பத்திரெண்டாம் பக்கத்துல இருக்கு." விரலை வைத்துக் காட்டினார். "ரம்லா. முப்பத்தொரு வீடு. இருபது வருஷத்துல எரநூத்துப் பதினாலு பிரசவம். குறையோட பொறந்தது ஒண்ணு."

ஹஸ்னா அந்த ஒன்றைப் பார்த்தாள். அச்சடித்த எண். அது யாருடைய ஒன்று என்று அவளுக்குத் தெரியும். கோடி வீட்டு ஊமைப் பையன். மறைக்க முடியாது, தெருவில் விளையாடுகிறான்.

"என் வார்டு ரிஜிஸ்டர்ல உங்க ஊர்லேர்ந்து மட்டும் எட்டு இருக்கு," என்றார் டாக்டர். "அதக் காட்டினேன். கணக்கெடுத்தவங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க. ஆஸ்பத்திரிக்கு நோயாளிங்கதான் வருவாங்க, ஆரோக்கியமா இருக்கறவங்க வரமாட்டாங்க, அத வெச்சு ஊரைக் கணக்குப் போடக் கூடாதுங்கறாங்க. அதுவும் சரிதான். நானா இருந்தாலும் அதத்தான் சொல்வேன். அதனாலதான் வீடு வீடாப் போனாங்க. பெத்தவ மறக்கமாட்டா, அவ சொல்றதுதான் சரியான கணக்குன்னாங்க."

"மறக்க முடியாதுதான்."

"மறக்கலதான். சொல்லல."

ஹஸ்னா தேநீர்க் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள். கணக்கெடுக்க வந்த பெண்ணை நன்றாக நினைவிருந்தது. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டு இதே பாயில்தான் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆறு பேர். செத்துப் பிறந்தது, குறையோடு பிறந்தது ஏதாவது உண்டா என்று கேட்டாள். இல்லை என்றாள் ஹஸ்னா. பேனா ஒரு கோடு போட்டது. பக்கத்து வீட்டுக்காரியும் இல்லை என்றாள். இன்னொரு கோடு. எல்லா வீட்டிலும் கல்யாண வயதில் பெண் இருந்தது.

"உம்மு கஸ்வான், ரெண்டாயிரத்து ஒண்ணு, மார்ச் மாசம். நைட் டூட்டில நான்தான் இருந்தேன். பொண் கொழந்த. நாலு மணி நேரம் இருந்துச்சு."

"டாக்டர்."

"நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். ஆனா நானா எழுதினா அது செல்லாது. நீங்க சொல்லணும். மறு விசாரணைக்கு ஒத்துக்கிட்டிருக்காங்க, போராடி வாங்கியிருக்கேன். அஞ்சு வீடாவது வாக்குமூலம் குடுத்தா திரும்ப எண்ணுவாங்க. வெள்ளிக்கிழம சாயங்காலம் பாக்தாத் கெளம்பறேன். போன்ல சொன்னாக்கூடப் போதும், கையெழுத்து அப்புறம் வாங்கிக்கறேன்."

"எத்தன வீடு ஆச்சு?"

டாக்டர் தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். "ஒண்ணும் ஆகல."

கதவுக்கு வெளியே ஜப்பார் செருமினார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை. உள்ளே வந்து சுவரில் சாய்ந்து மெதுவாக உட்கார்ந்தார்.

"டாக்டர், நான் ஒண்ணு கேக்கறேன். நாட்டுக்கே தடை போட்டிருந்த காலத்துல சோத்துக்கு வழியில்லாம ரெண்டு வருஷம் அந்த டாங்கிய வெட்டி வித்தேன். கேஸ் வெச்சு, வாயில துணிகூடக் கட்டாம. கருப்பா தூள் பறக்கும். வீட்டுக்கு வந்தா சட்டைய இவதான் தோய்ப்பா. அதனாலதானா?"

"தெரியாது, அபூ கஸ்வான்."

"தெரியாதா?"

"நிஜமாத் தெரியாது. அந்தத் தூளு ஒடம்புக்குள்ள போனா கெடுதல்ங்கறது தெரியும். எவ்வளவு போனா எவ்வளவு கெடுதல், அது கருவுக்குப் போகுமா, அங்கதான் சண்ட. எண்ணெய்க் கிணத்துப் பொகையா இருக்கலாம். தண்ணியா இருக்கலாம். தடைக் காலத்துப் பட்டினியா இருக்கலாம். நீங்க ரெண்டு பேரும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைங்க, அதுவா இருக்கலாம். முப்பது வருஷமா இந்த வேல பாக்கறேன், மேடையில ஏறி யுரேனியம்தான்னு அடிச்சுச் சொல்லச் சொல்லி எத்தனையோ பேரு கேட்டாங்க. இல்லவே இல்லன்னு சொல்லச் சொல்லியும் கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்ல. தெரிஞ்சுக்கணும்னா மொதல்ல எண்ணணும். எண்ணறதுக்கே ஆள் கெடைக்கல."

"எண்ணி என்ன பண்ணப் போறீங்க? டாங்கிதான் போயிடுச்சே. போட்டவனும் போயிட்டான்."

"ஒண்ணும் பண்ண முடியாமப் போகலாம்," என்றார் டாக்டர். அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. எழுந்து, அறிக்கையைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு தாளில் போன் நம்பர் எழுதிக் கொடுத்தார். கார்க் கதவு இந்தத் தடவை மூன்றாவது இடியில்தான் சாத்திக்கொண்டது.

"வெள்ளிக்கிழம வரைக்கும் வாயத் திறக்காத," என்றார் ஜப்பார்.

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்?"

"அப்புறம் கல்யாணம். அதுக்கப்புறம் பேரப்பிள்ள. வாயத் திறக்க நாளா இல்ல?"

அவருக்கு ஒன்றுதான் தெரியும். ஆஸ்பத்திரியில் போன பெண் குழந்தை. அதற்கு மூன்று வருஷம் முன்னால் இன்னொன்று உண்டு. அவர் வேலை தேடி பாக்தாதில் இருந்தபோது, வீட்டிலேயே பிறந்து வீட்டிலேயே போனது. மாதம் நிறையாமல் விழுந்துவிட்டது என்று மருத்துவச்சி எல்லோரிடமும் சொன்னாள். அவர் திரும்பி வந்தபோது ஹஸ்னாவும் அதையே சொன்னாள்.

வியாழக்கிழமை மதியம் உம்மு முஹன்னத் வந்தாள். சொல்லிக்கொள்ளாமல் வந்தாள். கையில் இனிப்புத் தட்டு இல்லை. மேலே போர்த்திய அபாயாவைக் கழற்றாமல் அடுக்களையிலேயே ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். ஸுந்துஸ் பிஸ்கட் மாவோடு வெளியே போனாள்.

"எல்லாம் தயாராயிடுச்சா?"

"ஆயிடுச்சு. காபிக் கொட்டை நேத்தே வறுத்தாச்சு. கோப்பை பத்தாம எதிர் வீட்லேர்ந்து வாங்கியிருக்கோம்."

"நல்லது." உம்மு முஹன்னத் விரலில் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். "நேத்து டாக்டர் கார் நின்னுச்சாமே உங்க வாசல்ல."

ரம்லாவிலிருந்து ஸுபைருக்கு இருபது நிமிஷம். செய்திக்கு அவ்வளவு நேரம்கூட ஆவதில்லை.

"அபூ கஸ்வானுக்கு மூத்திரக் கோளாறு. அதான் பாத்துட்டுப் போனாங்க."

"கொழந்தைங்க டாக்டரா?"

ஹஸ்னா பால் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள்.

"பாருங்க, எனக்கு உங்க மேல சந்தேகம் இல்ல. ஸுந்துஸ் மேலயும் இல்ல, தங்கம் அவ. என் நாத்தனார் காலைலேர்ந்து என் காதுல ஊசி ஏத்தறா. என் மனசு நிம்மதிக்கு ஒரு வார்த்த சொல்லுங்க. இந்த வீட்ல அந்த மாதிரி ஒண்ணும் பொறக்கல. அப்பாஸ் மேல சத்தியமா. அவ்வளவுதான், நான் எழுந்து போயிடறேன்."

சந்தையில் தக்காளி விற்கிறவன் ஒரு நாளைக்கு நூறு தடவை அல்லாஹ்வின் மேல் சத்தியம் செய்வான். இன்று பறித்தது என்பான், நேற்று பறித்ததாக இருக்கும். இறைவன் பொறுத்துக்கொள்வான் என்ற தைரியம். அப்பாஸ் மேல் சொல்லு என்றால் அவனும் வாயை மூடிக்கொள்வான். கர்பலா தர்காவில் துயில்கிற தியாகி அப்பாஸ் கோபக்காரர். பொய்ச் சத்தியத்துக்கு அவர் மறுமை வரை காத்திருப்பதில்லை. இந்தப் பக்கத்தில் நிலத்தகராறும் கொலைப்பழியும்கூட அந்தப் பேரில்தான் தீரும். அடுத்த வரப்பை ஒட்டியிருந்த நிலக்காரன் ஒருவன் அந்தச் சத்தியத்துக்கு ஒத்துக்கொள்ளாமல் நாலு ஏக்கரை விட்டுக்கொடுத்ததை ஹஸ்னா கண்ணால் பார்த்திருக்கிறாள்.

கணக்கெடுக்க வந்த பெண் எந்தச் சத்தியமும் கேட்கவில்லை. பேனாவைத்தான் வைத்திருந்தாள்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள் ஹஸ்னா. ஸுந்துஸ் வெளியே மாவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு பொய், மூன்று சொல். அதற்குப் பதிலாக அப்பாஸ் யாரை எடுத்துக்கொள்வார் என்று நினைத்தபோது அந்தத் தட்டுகிற சத்தம்தான் காதில் விழுந்தது.

"அத மட்டும் கேக்காதீங்க," என்றாள்.

உம்மு முஹன்னத்தின் விரல் மோதிரத்தில் நின்றது.

"ஏன்?"

"என்னால முடியாது. ரெண்டு."

சொன்ன பிறகு ஹஸ்னாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. பதினைந்து வருஷம் சுமந்தது வெளியே வர இவ்வளவு சின்னதாக இருந்தது. அழுகை வரவில்லை. எங்கேயாவது படுத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கோப்பைகளைத் திருப்பிக் கொடுத்தனுப்ப வேண்டும், காபிக் கொட்டையை யாரிடமாவது கொடுத்துவிடலாம், ஸுந்துஸிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள்.

உம்மு முஹன்னத் எழுந்தாள். முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள். கதவு வரை போய், அங்கேயே நின்றாள்.

"எந்த வருஷம்?"

"தொண்ணூத்தெட்டு. அப்புறம் ரெண்டாயிரத்து ஒண்ணு."

அவள் திரும்பவில்லை. கதவைப் பார்த்தபடியே பேசினாள்.

"எனக்குத் தொண்ணூத்தொம்பது."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேருமே அதை இறக்க ஓடினார்கள். ஹஸ்னா துணியை எடுக்க, உம்மு முஹன்னத் கையாலேயே பாத்திரத்தை இறக்கிவிட்டு, விரலை உதறி வாயில் வைத்துக்கொண்டாள்.

"முஹன்னதோட அப்பாவுக்குத் தெரியாது," என்றாள். "என் அம்மாவும் நானும்தான். ஆம்பளப் புள்ள. முகம் நல்லாத்தான் இருந்துச்சு. முதுகுதான்." அதற்குமேல் சொல்லவில்லை. "நீ அந்தச் சத்தியத்த என்கிட்டத் திருப்பிக் கேட்டிருந்தா நானும் செத்திருப்பேன், ஹஸ்னா."

"எனக்குத் தோணல."

"தோணாம இருந்ததே நல்லது. நாளைக்கு வருவோம். காபி குடிப்போம். ஆனா ஒண்ணு." ஹஸ்னாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி வலித்தது. "இது இந்த அடுப்பங்கரையோட போச்சு. பேப்பர், பேனா, டாக்டர், டிவின்னு எவ வந்தாலும் வாயத் தெறக்கக் கூடாது. ஆம்பளைங்க காதுக்குப் போனா என்னால எதையும் நிறுத்த முடியாது. நிச்சயத்துக்கு அப்புறமா இருந்தாலும் பிச்சுடுவாங்க. புரியுதா?"

"புரியுது."

"கண்ணே." கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஹஸ்னா அடுப்பைத் துடைத்தாள். கருகிய பால் வாசனை. நல்லது நடந்திருக்கிறது, சந்தோஷப்பட வேண்டும் என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். மனம் வேறு எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. ஒரு அடுக்களையில் இரண்டு பெண்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று. அந்தப் புத்தகத்தில் ஊர் முழுக்க ஒன்று. அவள் ஆறாவது வரைதான் படித்தாள். ஆனாலும் அந்தக் கழித்தல் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி அன்று இல்லை என்று சொன்னபோது தரையைப் பார்த்துச் சொன்னாள். அதற்கடுத்தவள் இருமிக்கொண்டே சொன்னாள். இவர்கள் எல்லோரும் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி பயந்து போட்ட கோடுகள்தான் டிவியில் வந்தது. அதை நம்பித்தான் உம்மு முஹன்னத் இனிப்போடு வந்தாள். உம்மு முஹன்னத் போட்ட கோடும் அதில் சேர்த்திதான்.

அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் இரண்டு. நடுவில் ஸுந்துஸ்.

சாயங்காலம், மகள் பிஸ்கட்டுகளைத் தட்டில் அடுக்கும்போது ஹஸ்னா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அவங்க வர்றாங்களா இல்லையா? மொதல்ல அதச் சொல்லு. மாவப் பெசஞ்சு கை போயிடுச்சு."

"வர்றாங்க. அதில்ல. உனக்கு முன்னாடி, இல்ல, உனக்கு அப்புறம்..."

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"ரெண்டு தம்பி தங்கச்சி. ஒண்ணு பொறந்தப்ப மருத்துவச்சியக் கூட்டிட்டு வரச்சொல்லி என்னத்தானே அனுப்பின? ஏழு வயசு. செருப்பு போடாம ஓடினேன், முள்ளு குத்திச்சு." அவள் அடுக்குவதை நிறுத்தவில்லை. "துணி போத்தறதுக்குள்ள பாத்துட்டேன்."

"இத்தன வருஷமா ஏன் கேக்கல?"

"நீ சொல்லல. நான் கேக்கல."

ஹஸ்னா ஒரு பிஸ்கட்டை எடுத்து, தின்னாமல் கையில் வைத்திருந்தாள். பிறகு டாக்டர் கேட்டதைச் சொன்னாள். நம்பர் எழுதிய தாளைப் பற்றிச் சொன்னாள். உம்மு முஹன்னத் ஆம்பளைகளைப் பற்றிச் சொன்னதை மட்டும் சொன்னாள். அவளுடைய தொண்ணூற்றொன்பதைச் சொல்லவில்லை. அது தன் வீட்டுப் பொருள் இல்லை.

"நான் சொன்னா உன் கல்யாணம் நின்னு போகலாம். நிச்சயம் ஆன பிறகுகூட. முப்பத்தொரு வீட்ல பேரப் போடாம எழுதினாலும் யாருன்னு கண்டுபுடிச்சிடுவாங்க."

ஸுந்துஸ் கையைத் துடைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வயது. கோபப்படுவாள் என்று ஹஸ்னா நினைத்தாள்.

"எனக்கு வயித்துல வந்துச்சுன்னா," என்றாள் பெண், "நான் பயப்படணுமா வேணாமாம்மா?"

"தெரியலயேடி."

"டாக்டருக்கு?"

"அவங்களுக்கும் தெரியாதாம்."

"அப்ப எப்பத் தெரியும்?"

ஹஸ்னா கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்தாள். மகள் அடுத்த தட்டை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"சொல்லு. ஆனா அப்பா 'குடிங்க'ன்னு சொல்றதுக்கு முன்னாடி சொல்லித் தொலைக்காத. அவன் ஒண்ணர வருஷமா என் உயிர வாங்கறான்."

வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு எட்டு கார்களில் வந்தார்கள். முற்றத்தில் பாய்களும் திண்டுகளும் போட்டிருந்தது. ஜப்பார் இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு, சுவருக்கு ஓரமாக, முதுகுக்கு இரண்டு திண்டு வைத்து உட்கார்ந்திருந்தார். காபி ஊற்றப்பட்டது. நாற்பது கோப்பை. யாரும் தொடவில்லை. ஷேக் இறைவனைப் புகழ்ந்து, இரண்டு குலத்தையும் புகழ்ந்து, விஷயத்துக்கு வர நேரமாகும்.

பெண்கள் எல்லோரும் திரைக்குப் பின்னால் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உம்மு முஹன்னத் நடுவில். யாரோ அவள் காதில் ஏதோ சொல்ல, "வாயக் கழுவுடி" என்று அடக்கிச் சிரித்தாள். யாரும் ஹஸ்னாவைப் பார்க்கவில்லை. மகள் சொன்னபடி 'குடிங்க' வரை காத்திருந்தால் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொள்வார்கள், டாக்டரும் கிளம்பிவிடுவார்; இப்படி ஒரு நேரம் இன்று திரும்பக் கிடைக்காது. பின்வாசல் வழியாக வெளியே வந்து, தண்ணீர்த் தொட்டி மறைவில் நின்று நம்பரை அழுத்தினாள்.

"டாக்டர், நான் உம்மு கஸ்வான். எழுதிக்கறீங்களா?"

மறுமுனையில் பேனாவைத் தேடும் சத்தம். பிறகு காகிதம் புரளும் ஒலி. "சொல்லுங்க. மொதல் கேள்வி, வயசு. நாப்பத்தஞ்சா?"

"நாப்பத்தாறு."

"குறையோட பொறந்தது. ஒண்ணுன்னு போடறேன்."

"ரெண்டு."

"ரெண்டா?"

"ஒண்ணு வீட்ல. உங்க ரிஜிஸ்டர்ல இருக்காது. தொண்ணூத்தெட்டு, ஆகஸ்ட். ஆம்பள."

டாக்டர் எழுதினார். உள்ளே ஷேக்கின் குரல் ஏறி இறங்கியது. கோப்பைகள் ஆறிக்கொண்டிருக்கும்.

"நீங்கதான் மொதல் ஆள்," என்றார் டாக்டர். "உங்ககிட்ட மறைக்கக் கூடாது. நீங்க ஒருத்தர் சொன்னா அவங்க திரும்ப எண்ணமாட்டாங்க. அஞ்சு வேணும். நான் இதக் கொண்டுபோய் வெக்கறேன், அவங்க பைல்ல போட்டுக் கட்டுவாங்க. வேற யாராவது சொல்வாங்களா? உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது?"

ஹஸ்னா தொட்டியின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டாள். இரண்டு நாளாக நின்றே வேலை செய்ததில் கால் வலித்தது.

"என் வீட்டத்தான் நான் சொல்ல முடியும், டாக்டர்."

"சரி. மூணாவது கேள்வி. பிரசவத்துக்கு முன்னாடி வீட்ல யாராவது எரிஞ்ச வாகனத்துல வேல பாத்தாங்களா?"

"பாத்தார். ரெண்டு வருஷம்."

"சட்டைய யார்..."

அப்போது உள்ளே ஒரு நொடி எல்லாம் அடங்கியது. ஜப்பாரின் குரல், களைத்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "குடிங்க" என்றது. நாற்பது கோப்பைகளும் ஒன்றாக எழுந்தன. பெண்கள் குலவையிட்டார்கள். முதல் குலவை உம்மு முஹன்னத்துடையது. அந்தத் தொண்டையை யாரும் மறக்க முடியாது.

"என்ன சத்தம் அது?" என்றார் டாக்டர்.

"குலவ. என் பொண்ணக் குடுத்துட்டோம்."

டாக்டருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. "உம்மு கஸ்வான், இன்னைக்கா? எனக்குத் தெரியாதே. நீங்க சொல்லியிருந்தா நான் கேட்டே இருக்க மாட்டேன். இந்தத் தாள் வெளிய போச்சுன்னா..." மூச்சு விடும் சத்தம். "இன்னும் கெளம்பல. ஒரு வார்த்த சொல்லுங்க, கிழிச்சுப் போட்டுடறேன். ஒரு தாளால இப்ப ஒண்ணும் ஆகப் போறதில்ல."

ஹஸ்னா பின்வாசலைப் பார்த்தாள். யாரோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"ரெண்டுன்னு எழுதிட்டீங்கல்ல?"

"எழுதிட்டேன்."

"அப்ப சட்டைய நான்தான் தோச்சேன்னும் எழுதுங்க. அடுத்ததக் கேளுங்க, டாக்டர். சீக்கிரம். உள்ள என்னத் தேடறாங்க."